70 மீற்றரில அம்பு விடேக்க காத்துக்கு எப்பிடித் திருத்திறது: முழுமையான வழிகாட்டி

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் ஒரு தரிசு வயல்தரையில பொடியளையும் பிள்ளையளையும் சேத்து ரீகர்வ் வில்லு (முனை ரெண்டும் முன்னுக்கு வளைஞ்ச வில்லு) பழக்கிறம். 30 மீற்றர் வரைக்கும் எல்லாரும் வடிவா விடுவினம், 70 மீற்றருக்குத் தள்ளி நிண்ட உடன, அதுவும் வைகாசியில சோளகக் காத்து எழும்பின பிறகு, நல்லா விட்டுக்கொண்டு நிண்ட பிள்ளையே "எனக்கு வில்லு பழுதாப் போச்சு அண்ணை" எண்டு வந்து நிக்கும். வில்லில ஒரு பழுதும் இராது. காத்தைப் பாக்கத் தெரியாததுதான் பிரச்சினை, அதைவிடப் பெரிய பிரச்சினை எந்த ஒழுங்கில பாக்கிறது எண்டு தெரியாதது.

இதில எழுதிறது எல்லாம் ரீகர்வ் வில்லுக்கு, 70 மீற்றர் தூரம், 122 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இலக்குத் தாள். கொம்பவுண்ட் (கப்பி பூட்டின) வில்லுக்காரருக்கு 50 மீற்றரும் 80 சென்ரிமீற்றர் தாளும், முறை ஒண்டுதான், எண்கள்தான் மாறும். ஒழுங்கை மாத்தாமல் செய்யுங்கோ, ஏனெண்டால் ஒவ்வொரு படியும் முந்தின படியில கிடைச்சதை வைச்சுத்தான் நடக்குது.

1. தொடங்க முதல் கையில இருக்க வேண்டியது

முதல் சாமான் உங்கட குறூப், அதாவது உங்கட அம்புகள் எவ்வளவு கிட்டக் கிட்டக் குத்துது எண்டது. காத்தே இல்லாத நேரத்தில 6 அம்பு விட்டால் 5 அம்பாவது சிவப்புக்குள்ள, அதாவது நடு மஞ்சளைச் சுத்தி உள்ள சிவப்பு வட்டத்துக்குள்ள, நிக்கோணும். சிவப்பின்ர வெளி விட்டம் 48.8 சென்ரிமீற்றர். ஒரு நடுத்தரக் காத்து அம்பைத் தள்ளுறது 15, 20 சென்ரிமீற்றர்தான், உங்கட அம்புகள் தானாகவே தாள் முழுக்கச் சிதறினால் அதுக்குள்ள காத்துத் தள்ளினது எது நீங்கள் தள்ளினது எது எண்டு பிரிச்செடுக்க ஏலாது. அப்பிடி இருந்தால் இந்தக் கட்டுரையை வைச்சிட்டு இன்னும் ரெண்டு மாதம் 50 மீற்றரில விடுங்கோ.

ரெண்டாவது, ஒரே மாதிரி அம்பு. மெல்லிசான, பாரமான அம்பைக் காத்து குறைய எடுக்கும், தடிச்ச குழாயும் பெரிய இறகும் உள்ளதைக் கூட எடுக்கும். ரெண்டு வகையையும் கலந்து விட்டால் ரெண்டு கணக்கு ஒரு தாளில விழும். ஒவ்வொரு அம்பிலயும் பெயின்ற் பேனையால இலக்கம் போடுங்கோ.

மிச்சம்: பைனாகுலர், கொப்பி, பேனை, சைற்றுக்குரிய (வில்லில பூட்டிக் குறி பாக்கிற கருவிக்குரிய) அலன் சாவி, நாலு தடி, ரிபன்.

தரையைப் பற்றி ஒண்டு கட்டாயம் சொல்லோணும். காத்து நாளில தவறுற அம்பு நீங்கள் நினைக்காத இடத்துக்குப் போகும், அதால போட்டுக்கு (தாள் ஒட்டுற இலக்குப் பலகைக்கு) பின்னுக்கு மட்டுமில்லை ரெண்டு பக்கமும் நல்லாத் திறந்து இருக்கோணும், ஆடு மாடு குறுக்க வாற பாதை, குளத்துக்குச் சைக்கிளில ஆக்கள் போற ஒழுங்கை ஒண்டும் இருக்கக் கூடாது. எங்கட பக்கம் இன்னும் மிதிவெடி எடுத்து முடியாத காணியள் இருக்கு. சிவப்பு மண்டையோட்டு போட் நடப்பட்ட பக்கமோ, துப்புரவாக்காத பத்தைக் காடோ அம்பு விழக்கூடிய தூரத்தில இருந்தால் அந்தத் தரையே வேண்டாம். அம்பு விலைதான், எண்டாலும் அதுக்காகப் பத்தைக்குள்ள கால் வைக்க ஒரு பிள்ளையையும் நான் விடமாட்டன்.

2. காத்தில்லாத நேரத்தில அடிப்படைக் குறியை எடுக்கிறது

விடிய ஆறரைக்குள்ள தரையில நில்லுங்கோ. வன்னியில அந்த நேரம் பெரும்பாலும் இலை அசையாது. பத்து மணிக்குப் பிறகு நிலம் சூடாகச் சூடாகக் காத்து விட்டு விட்டு அடிக்கத் தொடங்கும், முல்லைத்தீவுக் கரைப் பக்கம் எண்டால் பின்னேரம் கடல் காத்தும் சேரும். அதால அடிப்படைக் குறி காலமையில, காத்துப் பயிற்சி பத்தரைக்குப் பிறகு, இந்த ரெண்டையும் மாத்தக் கூடாது.

24 அம்பு விடுங்கோ, ஆறு ஆறா நாலு தரம். ஒவ்வொரு தரமும் சைற்றைத் திருப்பாமல் 24ம் முடிஞ்ச பிறகு அந்த அம்புகளின்ர நடுப்புள்ளி எங்க நிக்குது எண்டு பாத்து அதுக்குத் திருப்புங்கோ. அம்பு வலத்தால போனால் சைற் வலத்துக்கு, இடத்தால போனால் இடத்துக்கு, அம்பு போன பக்கமே சைற்றும் போகும்.

நடுவுக்கு வந்த பிறகு சைற்றின்ர இடம் வலம் நகருற பட்டையில வெள்ளைத் திருத்தப் பேனையால ஒரு கோடு. பிறகு வாற எல்லாத்துக்கும் அந்தக் கோடுதான் பூச்சியம். அது இல்லாமல் காத்துக்கு நாலுதரம் திருப்பினவர் எங்க தொடங்கினவர் எண்டே தெரியாமல் நிப்பார், நான் கன பேரைக் கண்டிருக்கிறன்.

இன்னொண்டு, வில்லு நிமிர்ந்து நிக்குதோ எண்டு பின்னுக்கு ஒராளை நிக்கவிட்டுப் பாருங்கோ. ரீகர்வ் சைற்றில நீர்மட்டம் (சரிவு பாக்கிற குமிழிக் குழாய்) வைக்கப் போட்டி விதி விடாது, கண்ணாலதான் பழகோணும். வில்லின்ர மேல்முனை வலத்துக்குச் சரிஞ்சால் அம்பும் வலத்துக்குப் போகும். காத்தடிக்கேக்க எல்லாரும் தங்களுக்குத் தெரியாமல் வில்லைக் காத்துப் பக்கம் சரிக்கினம், பிறகு "காத்து இண்டைக்கு ஒண்டும் செய்யேல்ல" எண்டு சொல்லினம்.

3. ரிபன் தடி நடுறது

போட்டிக் கிறவுண்டில போட்டுக்கு மேல சின்னக் கொடி இருக்கும். பழகிற தரையில அது மட்டும் காணாது. நாலு தடி நடுங்கோ: நீங்கள் நிக்கிற கோட்டுக்கு 5 மீற்றர் முன்னால ஒண்டு, 20 மீற்றரில ஒண்டு, 40 மீற்றரில ஒண்டு, போட்டுக்குப் பக்கத்தில ஒண்டு. அம்பு போற வழியிலயிருந்து மூண்டு மீற்றராவது தள்ளி, காத்து வாற பக்கமா நடோணும்.

நடுத்தடி ரெண்டும் உயரமா இருக்கோணும், மூண்டரை மீற்றர் வரைக்கும். காரணம், 70 மீற்றருக்கு விடுற அம்பு நேர்கோட்டில போறேல்ல, நடுவழியில குறிக் கோட்டுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் மேலால வளைஞ்சுதான் போகுது, நிலத்திலயிருந்து அளந்தால் மூண்டரை மீற்றர் வரும். நிலத்தோட உள்ள காத்துப் புல்லிலயும் மண்ணிலயும் உரஞ்சி மெதுவாகும், மேல வேகம் கூட. புல்லு அசையிறதைப் பாத்துக் கணக்குப் போட்டால் எப்பவும் குறைச்சுத்தான் போடுவியள்.

ரிபன் நாலும் ஒரே சுருளில வெட்டினதா, ஒரே நீளமா இருக்கோணும், நாங்கள் 60 சென்ரிமீற்றர் வெட்டிறனாங்கள். தடியில இறுக்கிக் கட்டாமல் ஒரு துண்டு நூலில தொங்கவிடுங்கோ, எந்தப் பக்கமும் சுத்த வேணும். காலமைப் பனியில நனைஞ்ச ரிபன் பாரமாகிப் பொய் சொல்லும், காயவிட்டுப் பாருங்கோ.

ரிபன் அசையாத மென்காத்துக்கு எருக்கலம் பஞ்சு மாதிரி ஒண்டும் இல்லை. வெடிச்ச காயை ஒரு போத்தலில போட்டு வைச்சிருக்கிறன், ஒரு விதையை விரலால எடுத்து விட்டால் அது மிதந்து போற வழியிலயே காத்து எங்க திரும்புது எங்க மேல கிளம்புது எண்டு கண்ணுக்குத் தெரியும்.

4. திசையை மணிக்கூடா வாசிக்கிறது

நீங்கள் நிக்கிற இடம் மணிக்கூட்டின்ர நடு, போட் 12 மணி. காத்து எந்த மணியிலயிருந்து வருது எண்டு சொல்லிப் பழகுங்கோ. "காத்து அங்கால போகுது" எண்டு சொல்லக் கூடாது, ஆளாளுக்கு விளக்கம் மாறும்.

3 மணி, 9 மணிக் காத்து முழுசாக் குறுக்க அடிக்கும், அதை நூறு வீதம் எண்டு வையுங்கோ. ஒண்டரை, நாலரை, ஏழரை, பத்தரை மணிக் காத்து 70 வீதம். 1, 5, 7, 11 மணிக் காத்து பாதி. 12 மணிக் காத்தும் 6 மணிக் காத்தும் பக்கத்துக்குத் தள்ளாது. நேர முன்னால வாறது அம்பைக் கொஞ்சம் கீழ இறக்கும், பின்னால வாறது கொஞ்சம் மேல ஏத்தும்.

எங்கட தரை வடக்குப் பாத்தது, காலமையும் பின்னேரமும் வெயில் நேர கண்ணில விழாது. அப்ப தென்மேற்கால வாற சோளகம் எங்களுக்கு ஏழரை மணிக் காத்து, வலத்துக்கும் கொஞ்சம் மேலயும் தள்ளும். வாடை வடகிழக்கால வரும், அது ஒண்டரை மணி, இடத்துக்கும் கொஞ்சம் கீழயும் தள்ளும். கச்சான் நேர மேற்கால வந்தால் 9 மணி, அது முழுக் குறுக்கு. உங்கட தரை எந்தப் பக்கம் பாக்குது எண்டு முதல் நாளே கொப்பியில எழுதி, ஒவ்வொரு காத்தும் எத்தினை மணி எண்டு குறிச்சு வையுங்கோ.

இதில புதுசா வாற ஆக்கள் விழுற கிடங்கு எது தெரியுமோ, 9 மணிக் காத்தில இல்லை, 6 மணிக் காத்திலதான். 9 மணிக் காத்து எட்டுக்கோ பத்துக்கோ திரும்பினாலும் தள்ளுறது நூறிலயிருந்து 87 வீதமாத்தான் குறையும், அம்பில பெரிசா விளங்காது. ஆனால் 6 மணிக் காத்து ஏழுக்குத் திரும்பினால் பாதி வலம், அஞ்சுக்குத் திரும்பினால் பாதி இடம். மீன் வாலை ஆட்டுற மாதிரி ரெண்டு பக்கமும் அடிச்சுக்கொண்டு நிக்கும். பின்னால வாற காத்து உடம்புக்கும் சுகமா இருக்கும், அதால ஒருத்தரும் கவனிக்கிறேல்ல.

5. வேகத்தை மதிக்கிறது

காத்துமானி இருந்தால் நல்லது, இல்லாட்டியும் குறைவில்லை. முகத்தில காத்து உணருது, வேப்பிலை சலசலக்குது எண்டால் செக்கனுக்கு 2, 3 மீற்றர். இலையும் சின்னக் குச்சியும் நிக்காமல் ஆடிக்கொண்டே இருக்கு, மெல்லிய கொடி விரிஞ்சு நிக்குது எண்டால் மூண்டரையிலயிருந்து அஞ்சரை. கிரவல் ரோட்டில புழுதி எழும்புது, சொப்பிங் பை பறக்குது, சின்னக் கொப்புகள் அசையுது எண்டால் அஞ்சரையிலயிருந்து எட்டு. சின்ன மரமே ஆடுது எண்டால் எட்டுக்கு மேல, அண்டைக்குப் புது ஆக்களை 70 மீற்றரில விட நான் விடுறேல்ல.

பனையை வைச்சு மதிக்காதேங்கோ. பனை ஓலை கொஞ்சக் காத்துக்கே பெரிய சத்தம் போடும், அதோட அது நிக்கிற உயரத்துக் காத்து உங்கட அம்புக்கு வராது. பக்கத்தில நெல்லு நிண்டால் அதைப் பாருங்கோ, காத்து வயலுக்கு மேலால அலையா ஓடி வாறது உங்களிட்ட வர முன்னமே கண்ணுக்குத் தெரியும்.

எண்டாலும் கடைசியில உங்களுக்குத் தேவை மீற்றர்க் கணக்கு இல்லை, உங்கட ரிபன் எந்தளவு தூக்கி நிக்குது எண்டதுதான். நாங்கள் நாலு நிலை வைச்சிருக்கிறம்: தொங்குது, கால்வாசி, அரைவாசி, படுத்து நிக்குது. இதுக்கு மேல நுணுக்கமாப் பிரிச்சால் விடுற அவசரத்தில மூளையில நிக்காது.

6. எந்த இடத்துக் காத்தைக் கூட நம்புறது

இதுதான் முழு விசயத்திலயும் முக்கியமான இடம், ஆறுதலா வாசியுங்கோ.

முதல் காத்து அம்பை எப்பிடித் தள்ளுது எண்டு விளங்கோணும். கன பேர் நினைக்கிறது அம்பு பறக்கிற நேரம் முழுக்கக் காத்துத் தன்ர வேகத்தில அதைத் தூக்கிக்கொண்டு போகும் எண்டு. அப்பிடி எண்டால் 70 மீற்றர் போக 1.2 செக்கனுக்குக் கிட்ட எடுக்கிற அம்பை 3 மீற்றர் வேகக் காத்து மூண்டரை மீற்றர் தள்ளியிருக்கோணும், போட்டே கிட்டாது. உண்மையில தள்ளுறது ஒரு சாண் அளவு. ஏனெண்டால் காத்து அம்பின்ர வேகத்தை எவ்வளவு பிந்தப்பண்ணுதோ அந்தப் பிந்தின நேரத்துக்குத்தான் பக்கத் தள்ளலும் வரும். காத்தின்ர இழுவையே இல்லாத வெளியில போகவேண்டிய நேரத்துக்கும் உண்மையாப் போன நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு செக்கனில நூறில அஞ்சு, ஏழு பங்குதான், அதைக் காத்து வேகத்தால பெருக்கினால் 15, 20 சென்ரிமீற்றர் வரும். துவக்கால தூர இலக்குக்குச் சுடுற விளையாட்டுக்காரரும் குண்டுக்கு இதே கணக்குத்தான் போடினம். மெல்லிசான அம்புக்குக் காத்துக் குறைய எண்டு மேல சொன்னதுக்குக் காரணமும் இதுதான், அது வேகத்தைக் குறைய இழக்குது.

இப்ப ரெண்டாவது. அம்பு முதல் 20 மீற்றருக்குள்ள பக்கத்துக்குத் தள்ளுப்பட்டால் அந்தப் பக்க ஓட்டத்தோடயே மிச்ச 50 மீற்றரும் போகும். கடைசி 20 மீற்றரில தள்ளுப்பட்டால் விலக இடமில்லாமல் போட்டில குத்திப்போடும். வாய்க்கால் வெட்டக் கயிறு பிடிச்சவைக்கு இது சொல்லத் தேவையில்லை, தொடக்கத்தில கயிறு விரல்கடை விலகினால் வயலின்ர மற்றத் தலைப்பில எத்தினை முழம் விலகும், கடைசி முளையில விலகினால் அந்த விரல்கடைதான்.

அதால 5 மீற்றர் ரிபனையும் 20 மீற்றர் ரிபனையும் கூட நம்புங்கோ, 40ஐ அடுத்ததா, போட் கொடியைக் கடைசியா. புது ஆக்கள் எல்லாரும் போட் கொடியை மட்டும்தான் பாக்கினம், கண் அங்கதானே நிக்குது. ஒரு நாள் எங்கட தங்கச்சி ஒராள் விட்ட ஆறு அம்பும் சிவப்பின்ர வலக்கரையில போய் நிண்டது, "கொடி அசையவே இல்லை அண்ணை" எண்டு அழுமாப்போல நிக்கிறா. போட்டுக்குப் பின்னால பாலை மரமும் பத்தையும் காத்தை மறிச்சு நிக்குது, கொடி செத்துத் தொங்குது, அவ நிக்கிற கோட்டிலயோ வெட்ட வெளியால சோளகம் வந்து அவவின்ர பின்னலைத் தூக்கி முன்னுக்கு எறியுது. காத்து அவவின்ர தலையிலயே எழுதிக் கிடந்தது.

மரம் உங்கட பக்கம் நிண்டு போட் பக்கம் வெளியா இருந்தால் கணக்குக் கொஞ்சம் மாறும். அப்ப 40 மீற்றர் ரிபனுக்கு மதிப்புக் கூடும், முன்பாதியில காத்தே இல்லையே.

7. காத்து உங்களைத் தள்ளுறதை நிப்பாட்டுறது

அம்பைத் தள்ளுறதைவிடக் காத்து வில்லுப் பிடிச்ச ஆளைத் தள்ளுறதாலதான் கூடப் புள்ளி போகுது. 70 மீற்றரில வில்லு ஒரு மில்லிமீற்றர் விலகினால் போட்டில எட்டுச் சென்ரிமீற்றர், உடம்பு காத்தில ஆடேக்க ஒரு மில்லிமீற்றர் என்ன பெரிய விசயமே.

வலக்கைக்காரர் வடக்குப் பாத்து விடேக்க உடம்பு கிழக்குப் பாத்து நிக்கும், சோளகம் முதுகில அடிச்சு முன்னுக்குத் தள்ளும். வில்லும் வலத்துக்குப் போகும், அம்பும் வலத்துக்குத் தள்ளுப்படும், ரெண்டும் ஒரே பக்கம் சேரும். சேந்து வாற கூட்டலைப் பாத்து "காத்து 40 சென்ரிமீற்றர் தள்ளுது" எண்டு முடிவெடுத்தால் மற்ற நாள் கணக்குப் பிழைக்கும்.

காலை ஒரு சாண் கூட அகட்டி நில்லுங்கோ. லூசான சேட் வேண்டாம், காத்தில படபடக்கிறதோட நாணிலயும் தட்டும், நெஞ்சுக் கவசத்தை இறுக்கிக் கட்டுங்கோ. வில்லு ஆடாமல் இருக்கப் பூட்டுற பக்க ஸ்ரெபிலைசர் தடியள் காத்தைப் பிடிக்கும், பலத்த காத்து நாளில கழட்டிப் பாக்கலாம், எண்டால் கழட்டினால் வில்லின்ர பாரச் சமநிலை மாறும், போட்டி நாளில முதல்தரமாக் கழட்டக் கூடாது.

இழுத்து வைச்சுக்கொண்டு நிக்கிற நேரத்தை நீட்ட வேண்டாம். வழமையா நாலு செக்கனில விடுற ஆள் காத்து நிக்கட்டும் எண்டு எட்டுச் செக்கன் பிடிச்சால் தோள் களைச்சு விடுற விதமே மாறிப்போகும். நேரம் கடந்தால் இறக்குங்கோ, மூச்சு எடுங்கோ, திரும்ப இழுங்கோ. இறக்கிறது வெக்கமில்லை.

8. உங்கட அம்பின்ர கணக்கைக் கொப்பியில எடுக்கிறது

இணையத்தில வேற ஆக்களின்ர கணக்குக் கிடைக்கும், அது அவையின்ர அம்புக்கும் அவையின்ர வில்லின்ர இழுவைப் பாரத்துக்கும். உங்கடதை நீங்கள்தான் எடுக்கோணும்.

சைற்றை வெள்ளைக் கோட்டில வையுங்கோ. ஓரளவு சீராக் காத்தடிக்கிற நேரம் 12 அம்பு மஞ்சளின்ர நடுவுக்கே குறி வைச்சு விடுங்கோ, திருத்தவே கூடாது. ஒவ்வொரு அம்பும் விட முதல் பக்கத்தில நிக்கிற ஆள் ரிபன் நிலையையும் மணியையும் எழுதோணும், அம்பு இலக்கத்தோட. பிறகு போட்டுக்குப் போய் நடுவிலயிருந்து எத்தினை சென்ரிமீற்றர் வலம், எத்தினை மேல எண்டு அளந்து எழுதுங்கோ. தாளில ஒரு வளையம் 6.1 சென்ரிமீற்றர் அகலம், அளவுநாடா இல்லாட்டி வளையத்தை எண்ணினாலே காணும்.

என்ர கொப்பியில ஒரு வரி இப்பிடி இருக்கு: சோளகம், ஏழரை மணி, முன் ரிபன் அரைவாசி, பின் கொடி தொங்கல், 12 அம்பு, நடுப்புள்ளி 14 வலம் 3 மேல. இது என்ர அம்புக்கு, உங்களுக்கு பத்தும் வரலாம் இருபதும் வரலாம்.

இனி சென்ரிமீற்றரைச் சைற் அளவுக்கு மாத்தோணும். கண்ணிலயிருந்து சைற் வளையம் வரைக்கும் இழுத்து நிக்கேக்க எத்தினை சென்ரிமீற்றர் எண்டு ஒராளை அளக்கச் சொல்லுங்கோ. எனக்கு 88. 70 மீற்றரை 0.88 ஆல பிரிச்சால் ஏறத்தாழ 80, அதாவது சைற்றில 1 மில்லிமீற்றர் போட்டில 80 மில்லிமீற்றர், 8 சென்ரிமீற்றர். அப்ப 14 சென்ரிமீற்றருக்கு ஒண்டே முக்கால் மில்லிமீற்றர். உங்கட சைற்றுத் திருகியின்ர ஒரு கிளிக் எத்தினை மில்லிமீற்றர் நகருது எண்டதை இருபது கிளிக் திருப்பி அடிமட்டத்தால அளந்து இருபதால பிரியுங்கோ.

ஒரு காத்துக்கு ஒரு நாள் போதாது. மூண்டு நாலு நாள் எடுத்து ஒரே நிலைக்கு வந்த எண்களைப் பாருங்கோ, கிட்டக் கிட்ட வந்தால்தான் நம்பலாம்.

9. சைற்றைத் திருப்புறதோ, தள்ளிக் குறி வைக்கிறதோ

காத்து ஒரே சீரா ஒரே பக்கமிருந்து அரை மணித்தியாலமா அடிச்சுக்கொண்டு நிண்டால் சைற்றைத் திருப்புங்கோ, பிறகு மஞ்சளின்ர நடுவுக்கே குறி வைக்கலாம், கண்ணுக்குச் சுகம். விட்டு விட்டு அடிச்சால் திருப்பாதேங்கோ, தள்ளிக் குறி வையுங்கோ. வன்னியில பத்து மணிக்குப் பிறகு பெரும்பாலும் ரெண்டாவதுதான்.

நான் செய்யிறது ரெண்டையும் கலந்தது. கூட நேரம் நிக்கிற காத்துக்குச் சைற்றைத் திருப்பி வைப்பன், அதைவிடக் கூடி வாற வீச்சுக்கோ குறையிற நேரத்துக்கோ தள்ளிக் குறி வைப்பன்.

தள்ளிக் குறி வைக்கேக்க "கொஞ்சம் இடப்பக்கமா" எண்டு வைக்கக் கூடாது. ஒரு குறிப்பான இடம் இருக்கோணும்: 9 மணிப் பக்கம் சிவப்பும் நீலமும் தொடுற கோடு, அல்லது மஞ்சளும் சிவப்பும் தொடுற கோடு. கண் எப்பவும் மஞ்சளைத் தேடித்தான் ஓடும், இழுத்து நிக்கிற கடைசிச் செக்கனில கை தன்பாட்டில நடுவுக்கு வந்திடும். கோடு ஒண்டைப் பிடிச்சு வைச்சால்தான் நிக்கும். ஆகப் புதுசான பிள்ளையளுக்கு நான் பழகிற தாளில அந்தக் கோட்டில ஒரு கறுப்பு ஸ்ரிக்கர் ஒட்டிவிடுறன், ரெண்டு கிழமையால எடுத்துப்போடுவன்.

வில்லைச் சரிச்சுத் திருத்திற ஆக்களும் இருக்கினம், அனுபவக்காரர் அழகாச் செய்வினம். அளக்க ஏலாத ஒண்டைப் புது ஆக்கள் தொடக்கத்தில பழக வேண்டாம்.

10. ஒரு நிலைமையைத் தெரிஞ்செடுத்து அதில மட்டும் விடுறது

காத்து மாறிக்கொண்டே இருக்கும் எண்டாலும் அது ரெண்டு மூண்டு நிலைக்குள்ளதான் சுத்திச் சுத்தி வரும். முதல் அம்பை எடுக்க முதல் ஒரு நிமிசம் ரிபனை மட்டும் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. எது அடிக்கடி வருது, வந்தால் எத்தினை செக்கன் நிக்குது? அந்த நிலைக்குக் குறியை முடிவெடுங்கோ, அது வரும்வரைக்கும் வில்லைத் தூக்காதேங்கோ.

புது ஆக்கள் காத்தே அடங்கிற நேரத்தைப் பாத்து நிப்பினம். அடங்கிறது ரெண்டு செக்கன்தான் நிக்கும், இழுத்து முடிக்க முதல் அடுத்த வீச்சு வந்திடும். சீரா அடிக்கிற நடுத்தரக் காத்தைத் தெரிஞ்செடுக்கிறது எவ்வளவோ மேல்.

இழுக்க முதல் முடிவு, இழுத்த பிறகு முடிவை மாத்துறேல்ல. இழுத்து நிக்கேக்க ரிபன் மாறினதைக் கண்டால் இறக்குங்கோ, பாதி வழியில குறியைத் தள்ளாதேங்கோ. ஒருத்தருக்கு ஒருத்தர் மாறி மாறி விடுற போட்டியில அம்புக்கு 20 செக்கன்தான், அதில ஒருதரம் இறக்கி ஏத்தலாம், ரெண்டாம்தரம் நேரம் காணாது. அதைப் பழகிறதுக்கு நாங்கள் போனில 20 செக்கன் மணி வைச்சு விடுறனாங்கள்.

11. அம்பு குத்தின பிறகு

அம்பு விட்ட உடன, பைனாகுலரைத் தூக்க முதல், எங்க குத்தியிருக்கும் எண்டு வாயால சொல்லுங்கோ. "நல்லா விட்டன், நடுவில நிக்கும்." "கை ஆடினது, கீழ வலம்." பிறகு பாருங்கோ. நல்லா விட்டன் எண்டு சொன்ன அம்பு விலகி நிண்டால் அதுதான் காத்தைப் பற்றிச் சொல்லுற அம்பு. பிழைச்சுது எண்டு சொன்ன அம்பைக் காத்துக் கணக்கில சேர்க்கக் கூடாது.

போன ஆனி மாதம் ஒரு தம்பி. நல்ல கைப் பொடியன். முதல் அம்பு வீச்சில போய் 20 சென்ரிமீற்றர் வலத்தில குத்தினது, உடன அலன் சாவியை எடுத்துச் சைற்றை ரெண்டரை மில்லிமீற்றர் வலத்துக்குத் தள்ளினான். அடுத்ததுக்குக் காத்து அடங்கிட்டுது, அம்பு 20 இடத்தில. திரும்ப இடத்துக்குத் தள்ளினான். மூண்டாவது வீச்சில வலம். ஆறு அம்புக்கு அஞ்சு தரம் திருப்பினான், ஒண்டும் மஞ்சளில இல்லை.

"தம்பி, சைற்றைத் தொடாமலே இந்த ஆறையும் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

யோசிச்சுப் பாத்தான். "மூண்டு மஞ்சளுக்குள்ள அண்ணை. காத்தில்லாத மூண்டும்."

சாவியை வாங்கி என்ர சேட் பொக்கற்றில போட்டன். அண்டையிலயிருந்து எங்கட தரையில ஒரு சட்டம்: மூண்டு நல்ல அம்பு ஒரே நிலைமையில ஒரே பக்கம் போகும்வரைக்கும் சைற்றில கை வைக்கக் கூடாது.

12. அடிக்கடி காணுற மிச்சப் பிழையள்

பக்கத்தில நிக்கிற ஆளின்ர குறியைக் கேட்டு வைக்கிறது. அவருக்கு வேற அம்பு, வேற இழுவை. அவரிட்ட கேக்க வேண்டியது "காத்து எத்தினை மணி" எண்டது மட்டும்தான்.

குறைச்சுத் திருத்திறது. கொப்பியில 14 எண்டு எழுதியிருக்கும், மனம் கேக்காமல் 7 தள்ளி வைப்பினம். கொப்பியை நம்பாட்டி எதுக்கு எழுதினது.

உயரத் திருத்தத்தையும் பக்கத் திருத்தத்தையும் ஒரே நேரத்தில செய்யிறது. முதல் பக்கத்தைச் சரியாக்குங்கோ, மேல கீழ பெரும்பாலும் நீங்கள் களைச்சதால வாறது, காத்தால இல்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு வெயிலுக்குள்ள நிண்டு விடுறது. கிரவல் தரையில கானல் ஆடேக்க தாளே மிதக்கும், தலையும் சுத்தும். பதினொண்டரைக்கு வில்லை மடக்கிப்போட்டு வீட்டை போங்கோ.

வில்லை மடக்க முதல் சைற்றைத் திரும்ப வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்து விட்டிட்டு, அதை மற்ற ஆளுக்குக் காட்டி ஓம் எண்டு சொல்லவைச்ச பிறகுதான் பெட்டியைப் பூட்டோணும். இதை மறந்த நாளுக்கு அடுத்த நாள் காலமை காத்தில்லாமல் விடுற முதல் ஆறும் ஒரு சாண் விலகிப் போகும், அதோட அண்டைய காலமை முழுக்கப் பிழை எங்க எண்டு தேடுறதிலேயே போயிடும்.